எழிலும் எச்சரிக்கையும்

கல்லூரிச் சுற்றுலா என்றதும் மாணவர் உள்ளம் மலையேரிகளையே நாடுகிறது. 1863-இல் லெவிஞ்ச் அமைத்த கொடைக்கானல் ஏரியும், 1895-இல் பென்னிகுயிக் கட்டி முடித்த அணையால் உருவான தேக்கடி ஏரியும் எழில் கொஞ்சுபவை. மறுப்பாரில்லை. ஆயினும், 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் ‘ஜலகன்யகா’ படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டதை மறக்கலாமா? கரையோர விலங்குகளைக் காணப் பலர் ஒரே பக்கம் திரண்டனர். படகு நிலை தடுமாறியது.

“காவிரிக்கரையில் பிறந்த எமக்கா நீச்சல் தெரியாது?” என மார்தட்டும் முசிறி நண்பர்களே! குளிர்நீரில், ஒருவரையொருவர் பற்றி இழுக்கும் கூட்டத்தில், அந்நீச்சல் கைகொடுக்குமா? மிதவைச் சட்டை அணிவோம். இருக்கையை விட்டு எழோம். அளவுக்கு மீறி ஆளேற்றும் படகில் கால் வையோம். காட்சி மறுநாளும் கிட்டும். போன உயிர் மீளுமோ?