பயிற்சி நாய்க்கா, வளர்ப்பவருக்கா?

வீட்டுக்கே வந்து நாயைப் பழக்கித் தரும் பயிற்சியாளரை அழைப்போர் இப்போது நம் நாட்டிலும் இருக்கின்றனர். அழைப்பவர்களுள் பலரது எதிர்பார்ப்பு விசித்திரமானது. பழுதுபட்ட வானொலிப் பெட்டியைத் திருத்தக் கொடுப்பதைப் போல நாயை ஒப்படைத்துவிட்டு, தாம் உள்ளே சென்று தொலைக்காட்சி பார்க்க விரும்புகின்றனர். நல்ல பயிற்சியாளர் இதற்கு இணங்கமாட்டார். அவர் பாடம் நடத்த வருவது நாய்க்கன்று, வீட்டாருக்கே என்பது என் துணிபு.

கண்டியில் இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. பொலிஸ் நாய்ப் பிரிவின் தலைமையகம் அஸ்கிரியவிலேயே இருக்கின்றது. வெடிபொருளையோ போதைப்பொருளையோ மோப்பம் பிடிக்கும் நாய் தனித்து இயங்குவதில்லை. அதைக் கையாளும் உத்தியோகத்தரும் அதனோடு சேர்ந்தே பழகுகின்றார். அவருக்கு நாயின் காதசைவு விளங்காவிடின் அதன் மூக்கினால் பயனில்லை.

நம் வீடுகளின் நிலை என்ன? தந்தையார் ‘இரு’ என்கின்றார். மகன் ‘சிட்’ என்கின்றான். வேலைக்கு வரும் அம்மையார் ‘இந்தகன்ன’ என்கின்றார். மும்மொழிக் கொள்கையை அரசாங்கமே செவ்வையாக நடைமுறைப்படுத்தாத நாட்டில், பாவம், நாயிடம் அதை எதிர்பார்க்கின்றோம்! பாட்டியார் மேசையடியில் அப்பத்துண்டு போடுகின்றார். அதே மேசையருகே வந்து நின்றதற்காகப் பேரனிடம் அடி விழுகின்றது. குற்றவாளி யார்?

வீட்டிலேயே பயிற்சி நடைபெறவேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. உடவத்தகலைக் காட்டிலிருந்து கூரைக்குத் தாவும் குரங்குகள், படலையில் வந்து நிற்கும் முச்சக்கரவண்டி, எசல பெரஹரா இரவுகளில் கேட்கும் சாட்டையடி ஓசை ஆகியவையே இங்குள்ள நாயைக் கலங்கடிப்பவை. வேறோர் ஊரின் கூண்டில் ஒரு மாதம் ஒழுக்கம் கற்ற நாய், இவற்றின் முன்னே கற்றதை மறந்து குரைக்கும்.

பிரித்தானியாவில் பார்பரா வுட்ஹவுஸ் அம்மையார் 1980இல் பிபிசி தொலைக்காட்சியில் நாய்களோடு வளர்ப்போரையும் நிறுத்தி அதட்டிப் பழக்கினார். அவர் கையாண்ட கழுத்திறுக்கும் சங்கிலியை இன்றைய மிருக வைத்தியம் ஏற்பதில்லை. எல்லாப் பயிற்சிக்கும் வெகுமதி வழியே உகந்தது என அமெரிக்க மிருக நடத்தை வைத்தியர் சங்கம் 2021இல் தெளிவாகவே அறிவித்துள்ளது. அடிபட்ட நாய் உறுமுவதை நிறுத்தலாம். அதன் அச்சம் நிற்பதில்லை. எச்சரிக்கை ஒலி இன்றியே அது கடிக்கும். குட்டி பிறந்து மூன்றாம் வாரம் தொடங்கிப் பன்னிரண்டு, பதினான்கு வாரம் வரையுள்ள காலத்தில் மனிதரையும் ஓசைகளையும் பழக்காமல், சங்கிலியில் கட்டி வைத்துவிட்டுப் பின்னர் ‘பொல்லாத நாய்’ என்பது எவ்வகை நியாயம்?

அந்தப் ‘பொல்லாத’ நாய்களின் கதி நகரவாசிகள் அறிந்ததே. இரவோடிரவாகச் சந்தையடியிலோ விகாரை வாசலிலோ இறக்கிவிடப்படுகின்றன. தெருநாய்களைக் கொல்வதில்லை என்ற கொள்கையை அரசாங்கம் 2006இல் வகுத்தது. அதனை நான் வரவேற்றவன். ஆயினும், கொல்லப்படாத நாய் பட்டினியோடும் சொறியோடும் தெருவில் குட்டி ஈனுகின்றது. நாய்களைப் பதிவுசெய்யும் கட்டளைச் சட்டம் 1901 முதல் உண்டு. அச்சீட்டைப் பெறுவதற்கு நாய் வளர்க்கத் தெரிந்திருக்கவேண்டும் என்ற நிபந்தனை எதுவுமில்லை.

பயிற்சியாளரை அழைக்க எண்ணும் வாசகர்கள் முதலில் ஒன்றைக் கேட்டறியட்டும்: பாட நேரத்தில் வீட்டார் அனைவரும் உடனிருக்கவேண்டுமா? வேண்டியதில்லை, நாயை மட்டும் தாருங்கள் என்பாராயின், அவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிடலாம்.