'லோபி' என்றால் நேற்றா, நாளையா? லிங்காலாவில் வினைச்சொல்தான் சாட்சி!

கின்ஷாசாவில் ஒரு மளிகைக் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். பாக்கி வைத்திருப்பவரைக் கடைக்காரர் மடக்கிவிடுகிறார். பதில் 'லோபி' என்று தொடங்குகிறது. பணம் நேற்றே வந்துவிட்டதா, நாளைதான் வருமா? அந்த ஒரு சொல்லை வைத்து யாராலும் சொல்ல முடியாது. லிங்காலா மொழியில் நேற்றுக்கும் லோபி, நாளைக்கும் லோபி. இந்தியில் 'கல்' இருக்கிறதே, அதே கதை!

அடுத்து வரும் வினைச்சொல்லில்தான் விஷயமே. 'லோபி நாஃபுத்தாக்கி' என்றால் நேற்றுக் கொடுத்தேன். 'லோபி நாக்கோஃபுத்தா' என்றால் நாளைக்குக் கொடுப்பேன்.

காங்கோ ஆற்றின் இரு கரைகளில் எதிரெதிரே இருக்கும் தலைநகரங்கள் கின்ஷாசாவும் பிராஸாவிலும். இரண்டிலும் புழங்கும் பாந்து குடும்ப மொழி இது.

நம் 'கொடுத்தேன்' என்ற சொல்லில் செயல் முதலில், காலம் நடுவில், ஆள் கடைசியில். லிங்காலாவில் ஆள்தான் முதலில். 'நா' என்றால் நான் (தமிழர்களுக்கு மறக்கவே மறக்காது!), 'ஓ' என்றால் நீ, 'பா' என்றால் அவர்கள். அவனுக்கும் அவளுக்கும் ஒரே 'ஆ'. அடுத்து 'ஃபுத்', அதாவது பணம் கொடுப்பது. காலம் பெரும்பாலும் வாலில் வரும். எதிர்காலம் மட்டும் முரண்டு பிடிக்கும். அதன் 'கோ' நடுவில் புகுந்துகொள்ளும்.

'நாஃபுத்தி' என்றால் இப்போதுதான் கொடுத்தேன். 'நாஃபுத்தாக்கா' என்றால் வழக்கமாகக் கொடுப்பேன். இங்கேதான் உஷார்! 'ஆக்கி' என்பது 'ஆக்கா' ஆனால், பாக்கி தீர்ந்த சேதி வெறும் தற்பெருமையாகிவிடும்.

கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்பதற்கு 'நாஸாலி கோஃபுத்தா'. கின்ஷாசா பேச்சில் இது 'நாஸோஃபுத்தா' எனச் சுருங்கும், நம் ஊர் 'குடுத்துட்டிருக்கேன்' மாதிரி.

இத்தனை விதிக்கும் பிடி கொடுக்காதது காதல். காங்கோ ரும்பா இசையை 2021-ல் யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பாடல்களைக் கேட்பவர்கள் காதில் 'நாலிங்கி' அடிக்கடி விழும். அமைப்பில் அது 'நாஃபுத்தி' போலத்தான், ஆனால் பொருள் 'இப்போது நேசிக்கிறேன்'. 'நாயேபி'யும் அப்படியே, 'தெரிந்துகொண்டேன்' போன்ற உருவம், 'எனக்குத் தெரியும்' என்ற பொருள். வந்து சேர்ந்த நேசமும் அறிவும் போகாமல் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளலாம். விசித்திரமாகத் தோன்றினால், நாமும் 'புரியுதா' என்பதற்குப் பதில் 'புரிஞ்சுதா' என்று கேட்பதை நினைத்துப் பாருங்கள்.