செங்கற் படமும் சேமிப்புப் பணமும்

நிலக்கோட்டைப் பூச்சந்தையில் மல்லிகை விற்கும் விதத்தைக் கண்டவர்களுக்கு விலையின் சபலத்தைப் பற்றி யாரும் உபதேசிக்க வேண்டியதில்லை. முகூர்த்தத்திற்கு முந்தின நாள் ஏணி வைத்து ஏறும். முகூர்த்தம் கழிந்ததும் கிணற்றில் விழும். ஒட்டன்சத்திரத்துத் தக்காளியின் குணமும் அதுவே. ஆனால் இக்காலத்தில் நமது ஜில்லாவில் படித்த வாலிபர் பலர் பூவையும் காயையும் விட்டுக் கைப்பேசியில் பங்குகளின் விலையைப் பார்த்த வண்ணம் இருக்கிறார்கள். அவர்கள் நம்பும் சித்திரங்களில் ‘ரென்கோ’ என்பது ஒன்று. அதன் அளவை எவ்வாறு அமைப்பது என்பது குடும்பங்களின் சேமிப்பைத் தொடும் விஷயமாகையால், இவ்வாரம் அதை எடுத்துக் கொள்வோம்.

ஜப்பானிய மொழியில் செங்கல்லுக்கு ‘ரெங்கா’ என்று பெயர். ரென்கோ என்பது அதிலிருந்து வந்ததென்பர். ஒஸாகா நகரத்துத் தோஜிமா அரிசிச் சந்தை 1730-ம் ஆண்டிலேயே அரசாங்க அங்கீகாரம் பெற்றது. விலையைப் படமாகத் தீட்டிப் பார்க்கும் வித்தை அந்நாட்டில் பழமையானது. ரென்கோவை மேல்நாட்டாருக்கு எடுத்துக் காட்டியவர் ஸ்டீவ் நிஸன்; 1994-ல் வெளிவந்த அவரது நூலில் அது விளக்கப்பட்டிருக்கிறது.

இந்தப் படத்தில் கடிகாரத்துக்கு வேலையில்லை. செங்கல்லின் அளவு 10 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். 100 ரூபாய்ப் பங்கு 110-ஐத் தொட்டால் ஒரு வெள்ளைச் செங்கல்; 120-ஐத் தொட்டால் அதன் மேல் மற்றொன்று. அதன் பிறகு விலை 101-க்கும் 129-க்கும் இடையே ஒரு மாதம் ஊசலாடினாலும் படம் அசையாது. 130-ஐத் தொட்டால்தான் அடுத்த வெள்ளைச் செங்கல். 100-க்கு இறங்கினால்தான் கறுப்புச் செங்கல். அதாவது, திசை மாறியதென்று படம் ஒப்புக் கொள்வதற்குள் உச்சியிலிருந்து இரண்டு செங்கல் அளவு, 20 ரூபாய், போய்விடுகிறது. 100 பங்கு வைத்திருப்பவருக்கு இது 2,000 ரூபாய். ஆகவே செங்கல்லின் அளவைத் தீர்மானிப்பவர், தாம் எவ்வளவு பணத்தை விட்டுக் கொடுக்கச் சம்மதிக்கிறார் என்பதையும் அதே மூச்சில் தீர்மானித்து விடுகிறார்.

செங்கல் சிறிதானால் ஒவ்வொரு சலசலப்பும் செய்தியாகத் தோன்றும். வாங்குவதும் விற்பதுமாகத் தரகும் வரியும் லாபத்தை அரித்துவிடும். பெரிதானால் படம் அமைதியாயிருக்கும். ஆனால் செய்தி வரும்போது காரியம் மிஞ்சியிருக்கும். 10 ரூபாய் என்பது 100 ரூபாய்ப் பங்குக்கு நூற்றுக்குப் பத்து. 1,000 ரூபாய்ப் பங்குக்கு நூற்றுக்கு ஒன்றுதான். ஆகையால் வெல்ஸ் வைல்டர் 1978-ல் வகுத்த ‘சராசரி மெய்வீச்சு’ என்னும் கணக்கைப் பலர் கையாள்கிறார்கள். கடந்த 14 நாட்களில் விலை தினந்தோறும் எவ்வளவு தூரம் வீசியாடியது என்பதன் சராசரி அது. நல்ல முறைதான். ஆனால் அச்சராசரி மாறும்போதெல்லாம் செங்கல் அளவும் மாறினால், பழைய செங்கற்களும் இடம் பெயரும். நேற்றுப் பார்த்த படம் இன்று இராது. அளவை ஒரு முறை கணக்கிட்டு, முழு எண்ணாக்கி, அப்படியே நிறுத்திக் கொள்வதே விவேகம்.

மற்றோர் உபாதையும் உண்டு. மாலையில் 120-ல் முடிந்த பங்கு மறுநாட் காலையில் 150-ல் திறந்தால், படம் இடையிலே மூன்று செங்கற்களை அடுக்கிவிடும். ‘130-ல் வாங்கியிருக்கலாமே’ என்று பழங்கணக்குப் பார்ப்பவர் மகிழ்வார். உண்மையில் அந்த விலைக்கு அன்று காலையில் விற்பார் ஒருவரும் இருந்திரார்.

நிற்க. பெரிய ஆபத்து இனிமேல்தான். சென்ற வருஷத்துப் படத்தை வைத்துக் கொண்டு, லாபம் தோன்றும் வரையில் அளவைக் கூட்டிக் குறைத்துக் கொண்டேயிருந்தால், லாபம் தரும் அளவொன்று கட்டாயம் அகப்படும். திண்டுக்கல்லில் பூட்டுச் செய்பவரைக் கேளுங்கள்: ஒரு பூட்டை எதிரில் வைத்துக் கொண்டு அராவிய சாவி அந்தப் பூட்டைத்தான் திறக்கும். சந்தையோ நாள்தோறும் புதுப் பூட்டு மாட்டுகிறது. ஒரு வருஷத்து விலையில் கண்ட அளவை, தொடாமல் வைத்திருந்த வேறொரு வருஷத்து விலையில் சோதிக்க வேண்டும். 10 ரூபாய் அளவில் லாபமும் 9-லும் 11-லும் நஷ்டமும் வருமானால், அது சாமர்த்தியமன்று, தற்செயல்.

இது வீண் எச்சரிக்கையன்று. ‘செபி’ என்னும் ஒழுங்கு வாரியம் 2024 செப்டம்பரில் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரை மூன்று வருஷங்களில், பங்குகளின் முன்பேர வியாபாரத்தில் இறங்கிய தனி நபர்களில் நூற்றுக்கு 93 பேர் நஷ்டமடைந்தார்கள். அவர்கள் எல்லோரும் சேர்ந்து இழந்த தொகை 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அவர்களில் எத்தனையோ பேர் படங்களைப் பழுதறப் பார்த்தவர்களாகத்தான் இருப்பார்கள்.

ஆகவே, மகனோ மருமகனோ புதிய அளவொன்றைக் கண்டுபிடித்ததாகச் சொல்லிப் பணம் கேட்டால், தாய்மார்கள் இரண்டே கேள்வி கேட்கட்டும். ‘இந்த அளவை எந்த வருஷத்து விலையைப் பார்த்து நிச்சயித்தாய்? பாராத வருஷத்தில் அது என்ன ஆயிற்று?’ இரண்டாவது கேள்விக்கு விடை வரும் வரையில் பெட்டிச் சாவி இடுப்பிலேயே இருக்கட்டும்.