தோற்றாலும் அழாத பிள்ளை!

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் தினமும் மாலையில் ஒரு சண்டை.

பையன் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, உண்டிவில்லில் பறவையை வைத்து எறிந்து விளையாடுகிறான். "படிக்கிற பிள்ளைக்கு இது எதற்கு?" என்று தகப்பனார் சத்தம் போடுகிறார். தாயார் நடுவில் நின்று தவிக்கிறார்.

யார் பக்கம் நியாயம்?

பறவையும் பன்றியும்

அந்த விளையாட்டின் பெயர் "ஆங்கிரி பேர்ட்ஸ்". கோபக்காரப் பறவைகள் என்று பொருள். பின்லாந்து நாட்டின் ரோவியோ கம்பெனி, 2009-ம் ஆண்டு டிசம்பரில் இதைச் செல்போனுக்கு வெளியிட்டது. 2011-ல் கம்ப்யூட்டர் பிரவுசரிலும் வந்தது. இதே மாதிரி விளையாட்டுகள் பிரவுசரில் இன்று எத்தனையோ இருக்கின்றன.

கதை சின்னதுதான். பறவைகளின் முட்டைகளைப் பன்றிகள் திருடிவிட்டன. மரத்தாலும் கல்லாலும் கட்டிய கட்டிடத்தில் அவை ஒளிந்திருக்கின்றன. பறவையை உண்டிவில்லில் வைத்து இழுத்துவிட்டு, கட்டிடத்தைச் சரிக்க வேண்டும். கையில் இருப்பதோ மூன்று நான்கு பறவைகள். எங்கே அடித்தால் எது விழும் என்று யோசிக்காமல் ஜெயிக்க முடியாது.

கலிலியோ சொன்ன கணக்கு

எறிந்த பொருள் எப்படி வளைந்து பறந்து கீழே விழுகிறது? இத்தாலிய விஞ்ஞானி கலிலியோ, 1638-ல் வெளியான தம் நூலில் இதை விளக்கினார்.

காற்றின் தடை இல்லாவிட்டால், சமதரையில் 45 டிகிரி சாய்வில் எறிந்த பொருள்தான் அதிக தூரம் போகும். 30 டிகிரியில் எறிந்தாலும் 60 டிகிரியில் எறிந்தாலும் போகும் தூரம் ஒன்றே. ஒன்று தாழப் பறக்கும். மற்றது உயரே எழும்பி விழும்.

பையனுக்கு கலிலியோவைத் தெரியாது. ஆனால் குறுக்கே சுவர் இருந்தால் உயரே எறிய வேண்டும் என்பது அவன் கைக்குத் தெரிந்துவிட்டது!

தவறின் தடம்

நான் அதிசயப்பட்டது இதற்கு அல்ல.

எறிந்த பறவை குறி தவறினால், அது பறந்து போன பாதை திரையில் புள்ளி புள்ளியாக அப்படியே நிற்கிறது. அடுத்த பறவையை எறியும்போது பையன் அந்தப் புள்ளிகளைப் பார்க்கிறான். "இன்னும் கொஞ்சம் மேலே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறான். பத்துத் தடவை தோற்றாலும் அவன் அழவில்லை. பதினோராவது தடவை முயல்கிறான்.

அதே பையன், கணக்குப் பரீட்சையில் மார்க் குறைந்தால் நோட்டை ஒளித்து வைக்கிறான்!

ஏன்? விளையாட்டு அவனைத் திட்டுவதில்லை. "பக்கத்து வீட்டுப் பையனைப் பார்" என்று சொல்வதில்லை. எங்கே தவறு என்று மட்டும் காட்டுகிறது. மறுபடி முயலச் சொல்கிறது. நாமோ தவறைக் கண்டதும் கை ஓங்குகிறோம். பிள்ளை கணக்கைக் கற்றுக்கொள்வதில்லை. ஒளிக்கத்தான் கற்றுக்கொள்கிறான்.

அளவு வேண்டும்

அதற்காக, விடிய விடிய விளையாடட்டும் என்று சொல்லவில்லை. ஒரு கட்டம் முடிந்தால் அடுத்த கட்டம் கூப்பிடும். "போதும்" என்று அந்த விளையாட்டு சொல்லாது. நாம்தான் சொல்ல வேண்டும். அரை மணி நேரம் போதும். பிறகு தெருவில் போய் ஓடியாடட்டும்.

அந்த அரை மணியில் பத்து நிமிஷம் தகப்பனாரும் பக்கத்தில் உட்காரட்டும். "ஏன் விழவில்லை? எப்படி எறிந்தால் விழும்?" என்று கேட்கட்டும்.

பிறகு கணக்கு நோட்டைத் திறந்து, அதே குரலில் கேட்கட்டும்: "எங்கே தவறிற்று? வா, இன்னொரு தடவை பார்க்கலாம்."

அந்த நோட்டைப் பையன் இனி ஒளிக்க மாட்டான்.