தானம் வேறு, அநாதைப் பிணம் வேறு

தோழர் சீத்தாராம் யெச்சூரி 2024 செப்டம்பர் 12 அன்று டில்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியில் காலமானார். சென்னையில் பிறந்தவர். இரண்டு நாள் கழித்து அவரது இறுதிப் பயணம் சுடுகாட்டுக்குப் போகவில்லை. அதே எய்ம்ஸில் முடிந்தது. குடும்பத்தார் உடலை மருத்துவப் படிப்புக்கு ஒப்படைத்தார்கள். 2010-ல் ஜோதிபாசுவின் உடலும் கல்கத்தாவில் இப்படியே ஒப்படைக்கப்பட்டது.

இதைச் சங்கக் கூட்டத்தில் சொன்னபோது வீட்டுவேலை செய்யும் ஒரு அக்கா கேட்டார்: "பெரியவங்க குடுத்தா தியாகம். நம்ம ஆளு ரோட்டுல செத்துக் கிடந்தா அநாதைப் பிணம்னு கொண்டுபோறாங்களே, அதுக்குப் பேரு என்னண்ணே?"

நியாயமான கேள்வி. 1832-ல் இங்கிலாந்தில் வந்த சட்டம், ஏழை விடுதிகளில் செத்துக் கேட்பாரற்றுக் கிடந்தவர்களின் உடலை மருத்துவப் பள்ளிகளுக்குத் திருப்பிவிட்டது. 1951-ல் வந்த மதராஸ் சட்டமும் உரிமை கோராத பிரேதத்தைக் கல்லூரிக்குக் கொடுக்க வழி செய்தது. நாளைய டாக்டர் படிக்க உடல் வேண்டும். அந்த டாக்டரிடம் நாளை நம் பிள்ளைதான் போய் நிற்கும். ஆனால் கொடுப்பதானால் நாமே மனமொப்பிக் கொடுக்க வேண்டும். ஆள் இல்லை என்று எடுத்துப்போக விடக்கூடாது.

கொடுக்க விரும்புவோர் மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறையில் படிவம் வாங்கிச் சாட்சிகளோடு கையெழுத்திட வேண்டும். அது மட்டும் போதாது. இறந்தபின் ஒப்படைப்பது குடும்பம்தான். ஆகவே மனைவி மக்களிடமும், ஊரிலுள்ள அண்ணன் தம்பியிடமும் இப்போதே பேசிவிடுங்கள். பிணத்தை நடுவில் வைத்துக்கொண்டு சண்டை வேண்டாம்.

இயற்கை மரணமாக இருக்க வேண்டும். மரணக் காரணம் எழுதிய டாக்டர் சர்டிபிகேட்டும், இறந்தவர், ஒப்படைப்பவர் இருவரின் அடையாள அட்டைகளும் வேண்டும். விபத்து, தற்கொலை என்று போஸ்ட்மார்ட்டம் ஆன உடலையும், எய்ட்ஸ், மஞ்சள்காமாலைக் கிருமி போன்ற தொற்றுள்ள உடலையும் பொதுவாக ஏற்கமாட்டார்கள். அதனால் தகனச் செலவுக்கும் கொஞ்சம் பணம் கையில் இருக்கட்டும். டில்லி வெயிலில் தாமதம் கூடாது. கண்ணையும் கொடுப்பதானால் ஆறு மணி நேரத்துக்குள் சொல்லியனுப்ப வேண்டும்.

சாம்பல் திரும்பி வரும் என்று நம்பியிருக்க வேண்டாம். சடங்கு வேண்டுவோர் முன்னதாகவே வீட்டில் முடித்துக்கொள்ளலாம். "கிட்னியை எடுத்து விற்பார்கள்" என்ற பயமும் வேண்டாம். இதயம் நின்று பல மணி நேரம் ஆன உடலின் கிட்னி யாருக்கும் பொருத்த உதவாது. இது தானம். யாராவது பணம் கேட்டாலும், பணம் தருவதாகச் சொன்னாலும் சங்கத்துக்குச் சொல்லுங்கள்.

ரயில்வே குமாஸ்தாவாகப் பல விதவைகளின் மனுக்களைப் புரட்டியவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். சுடுகாட்டுச் சீட்டு இருக்காது. எனவே கல்லூரி தரும் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். 21 நாளுக்குள் மரணத்தைப் பதிவு செய்யுங்கள். அந்தச் சான்று இல்லாமல் பி.எஃப். பணமும் வராது, பென்ஷனும் வராது.

2025 ஜூன் 1 அன்று ஜங்புரா மதராஸி கேம்ப்பை இடித்தார்கள். வீடு கிடைத்தவர் நரேலாவில், கிடைக்காதவர் எங்கெங்கோ. பழைய விலாசத்தில் இன்று ஆளில்லை. ஆகவே தானம் செய்வோரும் செய்யாதோரும் பெயர், ஊர், உறவினர் போன் நம்பர் எழுதிய சீட்டு ஒன்றைச் சட்டைப்பையில் வையுங்கள். நம்மில் எவரும் பெயரில்லாமல் போகக்கூடாது.