பள்ளிக்குள் வரட்டும் பல்லாங்குழி!

வகுப்புகள் முடிந்து மாணவர் வீடு செல்லும் வரையுள்ள மாலைப்பொழுதைத் தேர்வுப் பயிற்சி விழுங்கிவிட்டது. எஞ்சியதைக் கைப்பேசி விழுங்கிக்கொண்டிருக்கின்றது. அம்மாலையில் ஒரு மணிப்பொழுதைக் கிழமைக்கு இருநாளேனும் மீட்டெடுத்து, ஆசிரியரும் மாணவரும் தரையில் ஒருங்கமர்ந்து பல்லாங்குழியும் ஆடுபுலியும் தாயமும் ஆடுதல் வேண்டும். வெறும் பொழுதுபோக்கிற்காகக் கூறப்படுவதாக இதனை எவரும் எண்ணிவிடற்க. தமிழின் உயிர்ப்பு இதனுள் அடங்கியுள்ளது.

அரங்காட்டம் தமிழர்க்குப் புதியதன்று. நூலறிவு நிரம்பாமல் அவையில் பேசப் புகுவானுக்கு, அரங்கு இழைக்காமல் வட்டாடப் புகுவானை உவமை காட்டினார் வள்ளுவர். மேலும் விளக்கம் வேண்டாத அளவிற்கு அவ்வாட்டம் அன்று மக்களிடையே வழங்கியிருந்தது. 2019-இல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை வெளியிட்ட கீழடி அகழாய்வு அறிக்கையும், மண்ணுள் கிடந்த ஆட்டக்காய்களையும் பகடைகளையும் கண்முன் வைத்தது. மொழிஞாயிறு பாவாணர் இவற்றின் அருமையுணர்ந்து, 1954-இல் ‘தமிழ்நாட்டு விளையாட்டுகள்’ என்னும் நூலையே ஆக்கினார். பதினான்கு குழி என்பதன் திரிபே பல்லாங்குழி என்று காட்டியவரும் அவரே.

அப்பதினான்கு குழிகளைப் பாருங்கள்! ஒருவர்க்கு ஏழு குழி, குழிக்கு ஐந்தாக முப்பத்தைந்து காய், இருவர்க்கும் எழுபது. ஒரு குழியை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாக இட்டு, கை ஓய்ந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடர வேண்டும். அக்குழி வெறுங்குழியாயின், அதனைத் துடைத்துவிட்டு அதற்கப்பால் உள்ளதை எடுத்துக்கொள்ளலாம். எந்தக் குழியில் தொடங்கினால் கை எங்கே ஓயும் என்று, காயைத் தொடுமுன்னரே மனத்தால் நடந்து பார்க்கும் பிள்ளைக்கு வேறு மனக்கணக்குப் பயிற்சி எதற்கு? அடுத்த சுற்றில் தோற்றவர் தம் காய்க்கேற்பக் குழி குறைந்தே ஆட வேண்டும். ஆயினும் ஆட்டத்தை விட்டு அகற்றப்படுவதில்லை. காய் மிகக் குறைந்தவர் குழிக்கு ஒன்றாக இட்டு ஆடுவதைச் சில ஊர்களில் ‘கஞ்சி காய்ச்சுதல்’ என்பர். வறுமையிலும் அடுப்பணையாத குடும்பத்தின் வாழ்வையே ஓர் ஆட்டச் சொல்லில் அடக்கிவைத்த மக்களின் மொழிவளம் எத்தகையது!

தாயத்தின் சொற்களும் இத்தகையனவே. அரங்கில் நகர்வது காய்; சுற்றி முடித்து நடுக்கட்டம் சேர்ந்தால் அது பழம். காய் பழுப்பதையே ஆட்டத்தின் முடிவாகக் கண்டது உழவர் குடியின் உள்ளம். வடநாட்டுப் பச்சிசி ஆட்டத்தைத் தழுவி 1896-இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற ‘லூடோ’ இன்று அட்டைப் பெட்டியிலும் கைப்பேசியிலும் இங்கு வந்து சேர்ந்துள்ளது. அதனை ஆடும் தமிழ்ப்பிள்ளை வெட்டையும் பழத்தையும் ஆங்கிலத்தால் சொல்லப் பழகுகின்றது. ஆட்டம் கைமாறியதும் சொல்லும் கைமாறிவிட்டது. ஆட்டச் சொற்கள் ஆடும் வாயில் வாழ்வன. அகரமுதலியில் அவற்றை அடைத்துவைக்கலாம். ஆடாமல் வாழவைத்தல் இயலாது.

ஆடுபுலியாட்டத்தில் ஒருபுறம் மூன்று புலிகள். மறுபுறம் பதினைந்து ஆடுகள். இடையே இருபத்துமூன்று நிலைகள். பின்னிடம் வெறுமையாக நிற்கும் ஆட்டைப் புலி தாண்டிக் கொன்றுவிடும். பின்னே மற்றோர் ஆடு துணைநிற்குமாயின் தாண்ட வழியில்லை. ஆடுகள் ஒன்றையொன்று அணைந்து நின்று வழியடைக்க, வலிய புலியும் அசையமுடியாமல் ஒடுங்கும். மெலியவர் ஒன்றுபட்டு வலியவரை வெல்லும் இப்பாடத்தைப் பத்து அகவைப் பிள்ளையின் விரலே கற்றுக்கொள்கின்றது!

தாயம் சூதாயிற்றே என்பார் உளர். பணையம் வைத்துப் பொருளிழக்கும் சூதையே வள்ளுவர் கடிந்தார். புளியங்கொட்டையை உருட்டிக் காய் நகர்த்துவதில் எவர் பொருள் அழியும்? சதுரங்கம் இருக்கின்றதே, அது போதாதா என்பாரும் உளர். அதனை எவரும் பழிக்கவில்லை. 1988-இல் ஆனந்து இந்தியாவின் முதற் ‘கிராண்டுமாசுட்டர்’ ஆனதும், 2022-இல் மாமல்லபுரத்தில் உலகப் பெரும்போட்டி நடந்ததும், 2024-இல் பதினெட்டு அகவைக் குகேசு சிங்கப்பூரில் உலக வாகை சூடியதும் பெருமைக்குரியனவே. பயிற்றுநரும் போட்டியும் பொழுதும் வாய்த்தமையால் அவ்வாட்டம் இங்குத் தழைத்தது. அவற்றுள் பத்தில் ஒரு பங்கேனும் பல்லாங்குழிக்குக் கிடைத்ததுண்டா? பொங்கல் விழாவில் ஒருநாள் காட்சிக்கு வைத்து, மறுநாள் பரண்மேல் ஏற்றுவதன்றோ நடக்கின்றது!

இதற்குப் பெரும்பொருள் வேண்டா. சுண்ணக்கட்டியால் தரையில் அரங்கு கீறலாம். மணலில் குழி தோண்டலாம். புளியங்கொட்டையும் கூழாங்கல்லும் ஊரெல்லாம் உண்டு. வேண்டுவது ஆசிரியர் நாற்காலியை விட்டு இறங்குதல் ஒன்றே. அரங்கின்முன் அமர்ந்த ஆசிரியர்க்கு மாணவர் நிகராவர். அவர் பன்னிரண்டு அகவைச் சிறுமியிடம் தோற்கவும் அணியமாயிருத்தல் வேண்டும். வகுப்பில் வாய் திறவாத பிள்ளை, ‘ஐயா, உங்கள் காயை வெட்டிவிட்டேன்!’ என்று கூவும் பொழுதில், அதன் அச்சமும் வெட்டுண்டு போகும். பல்லாங்குழி பெண்டிர் ஆட்டம் என்று ஆண்பிள்ளைகளை விலக்குதலும் கூடாது. கணக்கும் சொல்லும் இருபாலார்க்கும் உரியன.

இன்னுமொன்று. ஒவ்வொரு பிள்ளையும் தன் பாட்டியிடமும் அண்டையிலுள்ள முதியோரிடமும் ஆட்டமுறையையும் ஆட்டச் சொற்களையும் கேட்டெழுதி வரவேண்டும். ஊருக்கு ஊர் முறை வேறுபடும், சொல்லும் வேறுபடும். அவ்வேறுபாடுகளைப் பிழையென்று அடித்துத் திருத்தாமல், ஊர்ப்பெயரோடு அப்படியே எழுதிவைக்க. அச்சொற்களை இன்னும் நாவில் வைத்திருக்கும் முதியோர் ஆண்டுதோறும் குறைந்துவருகின்றனர். அவர்கள் மறைந்தபின் எந்த அகழாய்வு அவற்றைத் தோண்டித் தரும்? மண் காயைக் காத்துத் தரும். சொல்லைக் காத்துத் தராது.

தமிழாசிரியர்களே, வரும் கிழமையிலேயே தொடங்குக! அரங்கு கீறுக! பிள்ளைகளை அழைத்து எதிரே அமர்த்துக! காய் உருளட்டும், சொல் பழுக்கட்டும்!