லண்டனில் முதல் பத்து வாரம்

செப்டம்பர் பிறந்துவிட்டால் கேஎல்ஐஏ புறப்பாட்டுக் கூடத்தில் நம் குடும்பங்களை அதிகமாகப் பார்க்கலாம். பெட்டி எடை கூடிவிட்டது என்று தரையில் அமர்ந்து மிளகாய்த்தூள் பொட்டலத்தை வெளியே எடுக்கும் அம்மா, பக்கத்தில் முகம் சுளிக்கும் பிள்ளை. பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது, விசா வந்துவிட்டது, இனி படிப்பு மட்டும்தான் பாக்கி என்று எல்லாரும் நினைத்துக்கொள்கிறோம்.

லண்டனில் முதுகலை படித்துத் திரும்பியதால் ஆண்டுதோறும் சில மாணவர்கள் என்னிடம் யோசனை கேட்க வருவதுண்டு. கேள்விகள் பெரும்பாலும் தரவரிசையைப் பற்றியும் வேலைவாய்ப்பைப் பற்றியும் இருக்கும். எங்கே தங்குவது, யாரோடு பேசுவது என்று கேட்பவர்கள் அரிது. என்னைக் கேட்டால், முதலில் கேட்க வேண்டியது அதைத்தான். பிரிட்டனில் முழுநேர முதுகலைப் படிப்பு பொதுவாக ஓராண்டுதான். செப்டம்பர் இறுதியில் வகுப்பு தொடங்கினால் டிசம்பர் நடுவில் முதல் தவணை முடிந்துவிடும். இளங்கலை மாணவனுக்கு ஊர் பழக மூன்று ஆண்டுகள் உண்டு. முதுகலை மாணவனுக்கு அந்தப் பத்துப் பதினொரு வாரம்தான். அறை தேடுவதிலேயே அது கரைந்துபோனால், படிப்பில் கால்வாசி போய்விட்டது என்று பொருள்.

பணக் கணக்கிலிருந்து தொடங்குவோம். லண்டனில் படிக்க மாணவர் விசா கேட்பவர், 2025 நவம்பர் மாதத்திலிருந்து, கல்விக் கட்டணம் போக மாதம் 1,529 பவுன் வீதம் ஒன்பது மாதச் செலவுக்குப் பணம் இருப்பதாகக் காட்ட வேண்டும். அந்தப் பணம் தொடர்ந்து 28 நாள் வங்கியில் இருந்திருக்கவும் வேண்டும். மொத்தம் 13,761 பவுன். ஒரு பவுனுக்கு ஐந்து ரிங்கிட்டுக்கு மேல் கொடுக்கும் நமக்கு இது என்ன தொகை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அப்பாவின் ஊழியர் சேமநிதியிலிருந்து எடுத்தது, வீட்டு நகையை வைத்துப் புரட்டியது என்று நம் பிள்ளைகள் பலரின் கணக்கு எனக்குத் தெரியும்.

அங்கே போய் வேலை செய்து சமாளித்துக்கொள்ளலாம் என்று எண்ணுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தவணைக் காலத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்ய அனுமதி இல்லை. கோடையில் இளங்கலை மாணவர்களுக்கு விடுமுறை. முதுகலை மாணவர்களுக்கோ அது ஆய்வேடு எழுதும் காலம், ஆகவே அதுவும் தவணைக் காலமாகவே கருதப்படுகிறது. ஜூன் மாதத்திலிருந்து முழுநேரம் உழைத்துக் கடனை அடைக்கலாம் என்று போட்ட திட்டம் இங்கேதான் இடிக்கும்.

அறை வாடகையை அங்கே பல இடங்களில் வாரக் கணக்கில் சொல்வார்கள். வாரம் 200 பவுன் என்றால் மாதம் 800 என்று மனம் கணக்குப் போடும். ஆண்டுக்கு 52 வாரம் என்பதால் அது மாதத்துக்கு ஏறக்குறைய 867 பவுன். முன்பணத்துக்கும் சட்டம் உண்டு: 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, சாதாரண மாணவர் வாடகைக்கு ஐந்து வார வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது. வாங்கிய முன்பணத்தை வீட்டுக்காரர் 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் பதிய வேண்டும். ஆனால் வீட்டுக்காரரும் அதே வீட்டில் குடியிருந்தால் இந்தப் பதிவுக் கட்டாயம் இல்லை. தமிழ்க் குடும்பம்தானே என்று ஓர் அறையில் ஒண்டிக்கொள்பவர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொண்டு, கொடுத்த பணத்துக்கு எழுத்தில் ரசீது வாங்க வேண்டும். நேரில் பார்க்காத அறைக்கு இங்கிருந்தே பணம் அனுப்பச் சொல்பவரிடம் பேச்சை அத்துடன் முடித்துக்கொள்ளுங்கள். முதல் சில வாரம் விடுதியில் தங்கிவிட்டு, கண்ணால் பார்த்து அறை எடுப்பதே என் யோசனை.

அறை எங்கே என்பதில் எனக்குத் திடமான கருத்து உண்டு. ஈஸ்ட் ஹாம், ஹாரோ, டூட்டிங் பக்கம் போனால் தமிழ்க் கடைப் பலகைகளைப் பார்க்கலாம், முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் கிடைக்கும். கடையில் நிற்பவர் பெரும்பாலும் இலங்கைத் தமிழராக இருப்பார். நாம் பேசுவோம், அவர் கதைப்பார். இந்தியாவா இலங்கையா என்று கேட்டு, மலேசியா என்றதும் ஒரு கணம் விழிப்பார், பிறகு சிரிப்பார். அந்தச் சிரிப்பு குளிர்காலத்தில் பெரிய ஆறுதல். ஈஸ்ட் ஹாமிலிருந்து யூஸ்டன் ஸ்குவேர் வரை வண்டி மாறாமல் ஒரே பாதாள ரயிலில் போகலாம் என்பதால் புளூம்ஸ்பரி பக்கம் படிப்பவர்களுக்கு அது வசதியும்கூட. ஆனாலும், பணம் இடம் கொடுத்தால் முதல் தவணையிலாவது பல்கலைக்கழகத்துக்கு அருகில் இருங்கள் என்றுதான் சொல்வேன். வகுப்பு முடிந்ததும் தேநீர் குடிக்கப் போகும் கூட்டத்தில்தான் நட்பு உண்டாகிறது. கடைசி ரயிலை நினைத்து ஓடுபவருக்கு அது வாய்ப்பதில்லை. கறிவேப்பிலைக்கு வாரம் ஒரு முறை போனால் போதும்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று இருட்டு. அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்புவார்கள். டிசம்பரில் மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஆண்டு முழுவதும் ஏழு மணி வாக்கில் பொழுது சாயும் ஊரில் வளர்ந்த நமக்கு, அறையை விட்டு வெளியே போகவே மனம் வராது. சரியாக அந்த வாரங்களில்தான் முதல் கட்டுரைகளை ஒப்படைக்க வேண்டியிருக்கும். லண்டனில் மாலை ஐந்து மணி என்றால் கிள்ளானில் நள்ளிரவு ஒரு மணி. பேச வேண்டும் என்று தோன்றும் நேரத்தில் வீடு உறங்கிக்கொண்டிருக்கும்.

இங்கேதான் நம் பிள்ளைகள் வாயை மூடிக்கொள்கிறார்கள். இவ்வளவு செலவு செய்து அனுப்பியவர்களிடம் முடியவில்லை என்று எப்படிச் சொல்வது என்ற தயக்கம். சோம்பலால் தோற்றவர்களை விட, இப்படிச் சொல்லாமல் இருந்து பின்தங்கியவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். விசாவோடு ஆண்டுக்கு 776 பவுன் மருத்துவக் கட்டணமாகக் கட்டிவிட்டுத்தான் போகிறீர்கள். குடும்ப மருத்துவரிடம் பதிந்துகொள்ளத் தனிக் கட்டணம் கிடையாது. உடம்பு சரியில்லாதபோது அல்ல, போன முதல் வாரத்திலேயே பதியுங்கள். பல்கலைக்கழகத்திலும் மனநல ஆலோசகர் இருப்பார். கட்டுரைக்குக் கூடுதல் நாள் கேட்கவும் வழி உண்டு, ஆனால் பொதுவாகக் கெடு முடியுமுன் கேட்க வேண்டும். கெடு தாண்டிய பிறகு போய் நின்றால் விரிவுரையாளர் இரக்கப்படலாம், மதிப்பெண் இரக்கப்படாது.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். விமானம் ஏறுமுன் பிள்ளையிடம் செலவுக் கணக்கை வெளிப்படையாகப் பேசிவிடுங்கள்: கையில் எவ்வளவு, அவசரத்துக்கு எவ்வளவு, ஒரு பாடத்தில் தேறாமல் போனால் என்ன செய்வது என்பது வரை. இரவு எட்டு மணிக்கு நீங்கள் அழைத்தால் குளிர்காலத்தில் அங்கே நண்பகல். வகுப்பு இடைவேளையில் எடுப்பார்கள். சாப்பிட்டாயா என்று கேட்டு முடித்ததும், இந்த வாரம் யார் யாரோடு பேசினாய் என்றும் கேளுங்கள்.